ஆறாம் வகுப்பில் எங்கே சேர்ப்பது: அரசுப் பள்ளியா, உதவி பெறும் பள்ளியா, மெட்ரிக்கா?

ஐந்தாம் வகுப்பு முடிக்கிற பிள்ளை இருக்கும் வீடுகளில் ஏப்ரல் பிறந்துவிட்டால் இதே பேச்சுதான். ஊர்த் தொடக்கப் பள்ளி ஐந்தோடு முடிந்துவிடும். எப்படியும் வேறு பள்ளி பார்த்தாக வேண்டும். பக்கத்து ஊர் அரசு மேல்நிலைப் பள்ளியா, டவுனில் இருக்கும் பழைய உதவி பெறும் பள்ளியா, வாசலுக்கே வேன் வரும் மெட்ரிக்கா என்று ஆளுக்கு ஒன்று சொல்வார்கள்.

எங்கள் பள்ளி மேலாண்மைக் குழுவில் நான் இருப்பதால் என்னிடம் கேட்க வருகிறவர்கள் உண்டு. பலரும் ஒரே கணக்கோடு வருகிறார்கள். "இப்போ மெட்ரிக்ல போட்டுடலாம். ப்ளஸ் ஒன்னுக்கு அரசுப் பள்ளிக்கு மாத்திட்டா அரசுப் பள்ளிப் பிள்ளைங்களுக்கான அந்த 7.5 சதவீத ஒதுக்கீடு கிடைச்சிடும்ல அண்ணே?" கிடைக்காது. இதை எடுத்த எடுப்பிலேயே சொல்லிவிட வேண்டும். பிள்ளை பன்னிரண்டு முடித்துக் கவுன்சிலிங் விண்ணப்பம் நிரப்பும்போதுதான் பல பெற்றோருக்கு இது தெரியவருகிறது. அப்போது செய்வதற்கு ஒன்றும் இருக்காது.

தமிழ்நாட்டில் அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு 2020-ல் சட்டமாக வந்தது. நீட் வந்த பிறகு அரசுப் பள்ளிப் பிள்ளைகள் அரசு மருத்துவக் கல்லூரிக்குள் நுழைவது ஏறக்குறைய நின்றே போயிருந்தது. மாநிலம் முழுவதும் விரல் விட்டு எண்ணக்கூடிய அளவில்தான் போனார்கள். ஓய்வுபெற்ற நீதிபதி கலையரசன் தலைமையிலான ஆணையம் 10 சதவீதம் தரலாம் என்றது. அரசு 7.5 என்று முடிவு செய்தது. அந்த முதல் ஆண்டிலேயே எம்.பி.பி.எஸ்., பி.டி.எஸ். இரண்டும் சேர்த்து ஏறத்தாழ 400 இடங்கள் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு என்று ஒதுக்கப்பட்டன. 2021-ல் பொறியியல், வேளாண்மை, கால்நடை மருத்துவம், மீன்வளம், சட்டம் ஆகிய படிப்புகளுக்கும் இதே 7.5 சதவீதம் தனிச் சட்டமாக வந்தது. இந்த ஒதுக்கீட்டில் சேருகிறவர்களின் கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம், கவுன்சிலிங் கட்டணம் மூன்றையும் அரசே கட்டுகிறது. தனியார் பொறியியல் கல்லூரியில் இடம் கிடைத்தாலும் இது பொருந்தும். ஒரு கூலித் தொழிலாளி வீட்டுப் பிள்ளைக்கு இதன் பொருள் என்ன என்று நான் விளக்க வேண்டியதில்லை.

ஆனால் தகுதி விதி கறாரானது. ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை ஏழு ஆண்டும் அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். நடுவில் ஒரே ஓர் ஆண்டு மெட்ரிக்கில் படித்தாலும் கதை முடிந்தது. அரசுப் பள்ளி என்பதில் மாநகராட்சி, நகராட்சிப் பள்ளிகள், ஆதிதிராவிடர் நலப் பள்ளிகள், பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளிகள், கள்ளர் சீரமைப்புப் பள்ளிகள், வனத்துறைப் பள்ளிகள் எல்லாம் அடங்கும். அரசு உதவி பெறும் பள்ளி அடங்காது. அதுவும் அரசுப் பள்ளிதானே என்று நினைத்துச் சேர்த்தவர்கள் நிறைய. நிர்வாகம் தனியாருடையது என்றாலும் ஆசிரியர் சம்பளம் அரசு கொடுப்பதால் வரும் குழப்பம் இது. உதவி பெறும் பள்ளிகளையும் சேர்க்க வேண்டும் என்ற கோரிக்கை நீதிமன்றம் வரை போனது. ஒதுக்கீட்டுச் சட்டம் செல்லும் என்று 2022-ல் சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது. பட்டியல் மாறவில்லை.

ஆக, ப்ளஸ் ஒன்னில் எந்தக் குரூப் எடுப்பது என்பதைத்தான் பெரிய முடிவு என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். அதைவிடப் பெரிய முடிவு பத்து வயதிலேயே வந்துவிடுகிறது.

இதற்கு ஒரு விலக்கு உண்டு. கல்வி உரிமைச் சட்டத்தின் 25 சதவீத இடத்தில் எல்.கே.ஜி.யிலோ ஒன்றாம் வகுப்பிலோ தனியார் பள்ளியில் சேர்ந்த பிள்ளைகள் எட்டாம் வகுப்பு வரை அங்கேயே கட்டணமில்லாமல் படிக்கலாம். அவர்கள் ஒன்பதாம் வகுப்பில் அரசுப் பள்ளிக்கு மாறிப் பன்னிரண்டு வரை அங்கே படித்தால் 7.5 சதவீத ஒதுக்கீடு அவர்களுக்கும் உண்டு. உங்கள் பிள்ளை இந்த வகையில் படித்துக்கொண்டிருந்தால் ஆறாம் வகுப்பில் அவசரப்பட்டு டி.சி. வாங்க வேண்டாம். எட்டு முடியட்டும். ஆனால் ஒன்பதில் கட்டாயம் முடிவெடுத்தாக வேண்டும். ஒன்பதிலிருந்து பள்ளி முழுக் கட்டணம் கேட்கும், அதைக் கட்டி அங்கேயே தொடர்ந்தால் ஒதுக்கீடும் போய்விடும். சேர்க்கைச் சான்றை, அதாவது 25 சதவீத இடத்தில்தான் சேர்ந்தது என்பதற்கான தாளை, பத்திரமாக வைத்திருங்கள்.

இந்தச் சேர்க்கையை நம்பி இப்போது திட்டமிடுகிறவர்கள் ஒன்றை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். ஒன்றிய அரசின் பி.எம். ஸ்ரீ பள்ளித் திட்ட ஒப்பந்தம், தேசியக் கல்விக் கொள்கை தொடர்பான இழுபறியில் ஒன்றிய அரசு பள்ளிக் கல்விக்கென 2024-25-க்குத் தர வேண்டிய சமக்ர சிக்‌ஷா நிதி 2,152 கோடி ரூபாயைத் தமிழ்நாட்டுக்குத் தராமல் நிறுத்தியது. அந்தச் சிக்கல் 25 சதவீத இடங்களையும் பாதித்தது. 2025-26 கல்வியாண்டுக்கான சேர்க்கை வழக்குகளுக்குப் பிறகு அக்டோபரில்தான் தொடங்கியது. பள்ளி ஜூனில் திறந்து காலாண்டுத் தேர்வும் முடிந்த நேரம் அது. ஏழைப் பிள்ளைகளின் படிப்பை வைத்து இரண்டு அரசுகள் மல்லுக்கட்டியது எனக்கு இன்றும் ஆறவில்லை.

சரி, மருத்துவமும் பொறியியலும் எல்லாப் பிள்ளைகளுக்குமானது இல்லை. பி.ஏ., பி.காம்., பாலிடெக்னிக், ஐ.டி.ஐ. போகிற பிள்ளைகள்தான் அதிகம். அவர்களுக்கு எது உதவும்?

மாதம் 1,000 ரூபாய். மாணவிகளுக்காக 2022 செப்டம்பரில் தொடங்கிய புதுமைப் பெண் திட்டமும், மாணவர்களுக்காக 2024 ஆகஸ்டில் தொடங்கிய தமிழ்ப் புதல்வன் திட்டமும் கல்லூரி, டிப்ளமோ, ஐ.டி.ஐ. படிக்கிற பிள்ளையின் வங்கிக் கணக்கில் படிப்பு முடியும் வரை மாதாமாதம் பணம் போடுகின்றன. மூன்று வருடப் பட்டப் படிப்புக்கு 36,000, நான்கு வருடப் பொறியியலுக்கு 48,000. இதற்கும் ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளி என்பதே அடிப்படை. ஆனால் இங்கே உதவி பெறும் பள்ளிக்கும் கதவு திறந்திருக்கிறது. தமிழ்ப் புதல்வனில் தொடக்கத்திலிருந்தே, புதுமைப் பெண்ணில் 2024 டிசம்பரிலிருந்து, உதவி பெறும் பள்ளியில் தமிழ் வழியில் படித்தவர்களுக்கும் உண்டு. தமிழ் வழி என்பதைக் கவனியுங்கள். பல உதவி பெறும் பள்ளிகளில் ஆங்கில வழிப் பிரிவு சுயநிதியாக நடக்கிறது. ஒரே வளாகம், ஒரே சீருடை, ஆனால் அந்தப் பிரிவுக்குக் கட்டணமும் உண்டு, 1,000 ரூபாயும் கிடையாது.

இங்கே நான் எல்லோரிடமும் வலியுறுத்துகிற ஒரு வேறுபாடு உண்டு. 7.5 சதவீதம் சட்டசபையில் நிறைவேறிய சட்டம். அதை மாற்ற வேண்டுமானால் இன்னொரு சட்டம் வேண்டும். மாதம் 1,000 ரூபாய் ஓர் அரசின் திட்டம். ஆறாம் வகுப்பில் சேருகிற பிள்ளை கல்லூரிக்குப் போவதற்குள் ஏழு ஆண்டு ஓடிவிடும், அதற்குள் தேர்தல்கள் வந்து போகும். திட்டத்தின் பெயர் மாறலாம், தொகை கூடலாம், குறையலாம். ஆகவே பள்ளியைத் தேர்ந்தெடுக்கச் சட்டத்தை நம்பலாம். திட்டத்தைக் கூடுதல் பலனாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு சட்டமும் இருக்கிறது, அதை யாரும் பேசுவதில்லை. தமிழ் வழியில் படித்தவர்களுக்கு மாநில அரசு வேலையில் 20 சதவீத முன்னுரிமை, 2010-ல் வந்த சட்டம். பட்டப் படிப்பை மட்டும் தமிழ் வழியில் படித்துவிட்டு அதைக் கேட்கிறார்கள் என்ற புகார் எழுந்ததால் 2020-ல் திருத்தினார்கள். இப்போது ஒன்றாம் வகுப்பிலிருந்தே தமிழ் வழியில் படித்திருக்க வேண்டும். ஊராட்சி ஒன்றியப் பள்ளியில் ஐந்து ஆண்டு தமிழ் வழியில் படித்த பிள்ளையை ஆறாம் வகுப்பில் ஆங்கில வழிக்கு மாற்றினால் அந்த உரிமை அத்தோடு போய்விடும். அரசுப் பள்ளிகளிலும் 2012-13 முதல் ஆங்கில வழிப் பிரிவுகள் உண்டு. 7.5 சதவீதத்துக்குப் பயிற்று மொழி ஒரு தடையில்லை, எந்த வழியில் படித்தாலும் கிடைக்கும். குரூப் 4, குரூப் 2, ஆசிரியர் வேலை என்று கனவு காண்கிற குடும்பமாக இருந்தால் தமிழ் வழியை விட்டுக்கொடுப்பதற்கு முன் இரண்டு முறை யோசியுங்கள். எங்கள் பக்கம் பத்தில் ஏழு வீட்டில் அந்தக் கனவு இருக்கிறது. ஆனால் அட்மிஷன் பாரத்தில் பயிற்று மொழிக் கட்டத்தை நிரப்பும்போது அது யாருக்கும் ஞாபகம் வருவதில்லை.

இனி உதவி பெறும் பள்ளி. பாளையங்கோட்டை, நாகர்கோவில், திருச்சி, மதுரை போன்ற ஊர்களில் நூறு ஆண்டைத் தாண்டிய பள்ளிகள் இருக்கின்றன. மைதானம், நூலகம், பழைய மாணவர் சங்கம், பாடத்துக்கு ஓர் ஆசிரியர் என்று பல அரசுப் பள்ளிகளில் இல்லாதது அங்கே இருக்கும். உதவி பெறும் பிரிவில் கல்விக் கட்டணம் கிடையாது. பாடநூல், சத்துணவு, ப்ளஸ் ஒன்னில் சைக்கிள் எல்லாம் உண்டு. எட்டாம் வகுப்பில் எழுதும் தேசிய வருவாய் வழித் திறன் தேர்வும் எழுதலாம். தேறினால் ஒன்பது முதல் பன்னிரண்டு வரை ஆண்டுக்கு 12,000 ரூபாய். மெட்ரிக் பிள்ளைகளால் அந்தத் தேர்வை எழுத முடியாது. இவ்வளவு இருந்தும் 7.5 சதவீதம் இல்லை என்ற ஒரே குறைதான் உதவி பெறும் பள்ளியைப் பின்னுக்குத் தள்ளுகிறது. பிள்ளைக்கு அறிவியலில் நாட்டம் தெரியவில்லை, வணிகவியலோ கலைப் படிப்போ போதும், பக்கத்து அரசுப் பள்ளியின் நிலையும் சரியில்லை என்றால் நான் தயங்காமல் உதவி பெறும் பள்ளியின் தமிழ் வழிப் பிரிவைத்தான் சொல்வேன். ஆனால் பத்து வயதில் பிள்ளையின் நாட்டம் நமக்கு எப்படித் தெரியும்? அதுதான் என் தயக்கம்.

மெட்ரிக்குக்கும் நியாயம் செய்ய வேண்டும். பெற்றோர் அங்கே போவது வெறும் பகட்டுக்காக இல்லை. ஆசிரியர் தினமும் வருகிறார், வீட்டுப்பாடம் பார்க்கப்படுகிறது, பிள்ளை வராவிட்டால் போன் வருகிறது. 2025 ப்ளஸ் டூ தேர்வில் மாநிலத் தேர்ச்சி 95.03 சதவீதம். அரசுப் பள்ளிகள் 92-ஐ ஒட்டியும் தனியார் பள்ளிகள் 99-ஐ ஒட்டியும் நின்றன. இடைவெளி இருக்கிறது, மறைக்க வேண்டியதில்லை. ஆனால் அரசுப் பள்ளி யாரையும் திருப்பி அனுப்பாது. ஒன்பதில் கணக்கு வராத பிள்ளையைப் பத்துக்கு அனுப்பாமல் டி.சி. கொடுத்து விடுகிற தனியார் பள்ளிகள் உண்டு. அந்தப் பிள்ளைகளும் அரசுப் பள்ளிக்குத்தான் வருகிறார்கள். இந்த இரண்டு தேர்ச்சி விகிதங்களையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போது இதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

ஆங்கிலம்தான் மெட்ரிக்கின் உண்மையான பலம். தயங்காமல் பேசுகிற பழக்கத்தை அங்கே பிள்ளைகள் எளிதில் பெறுகிறார்கள். அரசுப் பள்ளி ஆங்கில வழியில் புத்தகம் ஆங்கிலத்தில் இருந்தாலும் பாடம் பெரும்பாலும் தமிழில்தான் நடக்கிறது. இந்தக் குறையை நான் ஒப்புக்கொள்கிறேன். இதை வீட்டில், விடுமுறையில், நூலகத்தில் நாமே ஈடுகட்ட வேண்டியிருக்கும்.

பணக் கணக்கையும் பார்த்துவிடலாம். ஆண்டுக்கு 30,000 கட்டணம் என்று வைத்துக்கொண்டால் ஏழு ஆண்டுக்கு 2,10,000. வேன், சீருடை, நோட்டு, ஆண்டு விழா எல்லாம் அதற்கு மேல். கட்டணமும் ஏழு ஆண்டு அப்படியே நிற்காது. தனியார் பள்ளிக் கட்டணத்தை நிர்ணயிக்க 2009 சட்டப்படி ஓய்வுபெற்ற நீதிபதி தலைமையில் குழு இருக்கிறது. அந்தக் குழு நிர்ணயித்த தொகை எவ்வளவு என்று பள்ளியிலேயே கேட்கலாம், கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. நகையை அடகு வைத்துக் கட்டணம் கட்டுகிற வீடுகளை நான் பார்க்கிறேன். பன்னிரண்டு முடிக்கும்போது கையில் ஒன்றும் மிச்சமிருக்காது, ஒதுக்கீடும் இருக்காது, கல்லூரிக்கு மறுபடி கடன். அந்தக் குடும்பங்களுக்கு மெட்ரிக் வேண்டாம் என்று உறுதியாகச் சொல்வேன். வருமானம் நிலையாக இருக்கிறது, கல்லூரிக்கும் தனியாகச் சேர்த்துவைக்க முடியும் என்றால் அது வேறு விஷயம்.

எல்லா அரசுப் பள்ளியும் ஒன்றுபோல இல்லை. எந்த அரசுப் பள்ளி என்பதில்தான் உண்மையான அலைச்சல் இருக்கிறது. அரசு என்ற பெயருக்காக எங்கே வேண்டுமானாலும் சேர்த்துவிடாதீர்கள். ஒரு வேலைநாளில் நேரில் போங்கள். காலை பத்து மணிக்குப் போனால் எத்தனை வகுப்பில் ஆசிரியர் இருக்கிறார் என்று வராந்தாவில் நடந்தாலே தெரிந்துவிடும். பெண் பிள்ளையாக இருந்தால் கழிப்பறையைப் பாருங்கள். கதவுக்குத் தாழ்ப்பாள் இருக்கிறதா, குழாயில் தண்ணீர் வருகிறதா, பூட்டி வைத்திருக்கிறார்களா என்று பாருங்கள். ஹைடெக் லேப் இருக்கிறது என்பார்கள். கம்ப்யூட்டர் மேல் தூசி படிந்திருக்கிறதா, பிள்ளைகள் உட்கார்ந்திருக்கிறார்களா என்பதை வாசலில் நின்றே பார்த்துவிடலாம். பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டம் ஒழுங்காக நடக்கிறதா என்று ஒரு பெற்றோரிடம் கேளுங்கள். கூட்டம் நடக்கிற பள்ளியில் மற்ற வேலைகளும் பெரும்பாலும் நடக்கும்.

அப்புறம் ப்ளஸ் ஒன். ஆறில் சேர்க்கும்போதே அந்தப் பள்ளியில் மேல்நிலை உண்டா, என்னென்ன குரூப், இயற்பியலுக்கும் கணிதத்துக்கும் நிரந்தர முதுகலை ஆசிரியர் இருக்கிறாரா என்று கேளுங்கள். பணியிடம் காலியாகி, பெற்றோர் ஆசிரியர் கழகம் மூலம் தற்காலிகமாக ஒருவரை வைத்து ஓட்டுகிற பள்ளிகள் இருக்கின்றன. உயர்நிலைப் பள்ளியாக இருந்தால் பத்தோடு முடியும், பதினொன்றுக்கு எந்த அரசுப் பள்ளிக்குப் போவது என்பதையும் இப்போதே பார்த்து வைக்க வேண்டும். பேருந்து கட்டணமில்லைதான், ஆனால் அந்த ஊருக்கு எட்டரை மணிக்குள் பேருந்து இருக்கிறதா? நல்ல அரசுப் பள்ளி ஏழு கிலோமீட்டரில் இருந்து, காலையில் ஒரே பேருந்துதான் என்றால் அந்த ஒன்று தவறும் நாட்களையும் கணக்கில் வையுங்கள்.

2025 ஆகஸ்ட் 8 அன்று வெளியான மாநிலக் கல்விக் கொள்கையின்படி ப்ளஸ் ஒன் பொதுத்தேர்வு 2025-26 முதல் நீக்கப்பட்டிருக்கிறது. பிள்ளைகளுக்குச் சுமை குறைந்தது, அது நல்லதுதான். ஆனால் அந்தப் பொதுத்தேர்வு 2017-18-ல் வந்ததற்கு ஒரு காரணம் இருந்தது. பல தனியார் பள்ளிகள் ப்ளஸ் ஒன் பாடத்தை ஓரங்கட்டிவிட்டு இரண்டு ஆண்டும் ப்ளஸ் டூ பாடத்தையே நடத்திக்கொண்டிருந்தன. மதிப்பெண் வந்தது, நீட்டிலும் ஜே.இ.இ.யிலும் பிள்ளைகள் தடுமாறினார்கள், ஏனென்றால் அங்கே கேள்விகள் இரண்டு ஆண்டுப் பாடத்திலிருந்தும் வரும். பழைய வழக்கம் திரும்பி வருமோ என்ற கவலை எனக்கு இருக்கிறது. மெட்ரிக்கைத் தேர்ந்தெடுக்கிறவர்கள் ப்ளஸ் ஒன் பாடம் முழுதாக நடக்குமா என்று நேரடியாகக் கேளுங்கள். அரசுப் பள்ளியிலும் கேளுங்கள்.

அரசுப் பள்ளிக்குள் இருந்தால் மட்டும் திறக்கிற இன்னொரு வாசல், மாவட்ட மாதிரிப் பள்ளி. நன்றாகப் படிக்கிற அரசுப் பள்ளிப் பிள்ளைகளை எடுத்து, தங்கவைத்து, நீட், ஜே.இ.இ. மட்டுமில்லாமல் சட்டம், வடிவமைப்பு, கட்டிடக்கலை நுழைவுத் தேர்வுகளுக்கும் பழக்குகிறார்கள். ஐ.ஐ.டி., என்.ஐ.டி. போயிருக்கிற அரசுப் பள்ளிப் பிள்ளைகளில் இங்கிருந்து போனவர்கள் பலர். பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் எழுதும் முதலமைச்சரின் திறனாய்வுத் தேர்வும் அரசுப் பள்ளிக்கு மட்டுமானது. 500 மாணவர், 500 மாணவியர் தேர்வாகி, பட்டப் படிப்பு முடியும் வரை ஆண்டுக்கு 10,000 ரூபாய் பெறுகிறார்கள். இது வந்ததே தெரியாமல் விண்ணப்பத் தேதி போய்விடுகிற பள்ளிகளும் உண்டு. தலைமை ஆசிரியரிடம் போன ஆண்டு உங்கள் பள்ளியில் எத்தனை பேர் இந்தத் தேர்வுகளை எழுதினார்கள் என்று கேட்டால் பள்ளியின் சுறுசுறுப்பு அந்தப் பதிலிலேயே தெரிந்துவிடும்.

என் சொந்தக் கருத்து இதுதான். போய்வரக்கூடிய தூரத்தில் பாட ஆசிரியர்கள் இருக்கிற ஓர் அரசு மேல்நிலைப் பள்ளி இருந்தால், நடுத்தர வருமானமும் அதற்குக் கீழும் உள்ள குடும்பம் ஆறாம் வகுப்பிலேயே அங்கே சேர்க்க வேண்டும். எட்டு வரை மெட்ரிக்கில் அடித்தளம் போட்டுவிட்டு வருகிறோம் என்பது, 25 சதவீத இடத்தில் சேராத பிள்ளைக்கு, மோசமான தேர்வு. கட்டணமும் கட்டியிருப்பீர்கள், உரிமையும் போயிருக்கும். அப்படி ஒரு அரசுப் பள்ளி இல்லவே இல்லை என்றால் உதவி பெறும் பள்ளி, தமிழ் வழி. அதுவும் இல்லாத ஊரில் மெட்ரிக் தவிர வழியில்லை என்பதும் எனக்குத் தெரியும். அங்கே பெற்றோரைக் குறை சொல்லி என்ன பயன்? பள்ளியைத் தராத அரசைத்தான் கேட்க வேண்டும்.

கடந்த சில ஆண்டுகளாக அரசுப் பள்ளிச் சேர்க்கை மார்ச்சிலேயே தொடங்கிவிடுகிறது. மே கடைசி வரை காத்திருந்தால் நல்ல பள்ளியில் நீங்கள் கேட்கும் பிரிவு நிரம்பிவிடலாம். சேர்க்கும் நாளில் எமிஸ் என்கிற அரசின் மாணவர் தகவல் பதிவில் பிள்ளையின் பெயரும் பிறந்த தேதியும் ஆதாரில் இருப்பது போலவே இருக்கிறதா, பயிற்று மொழி சரியாகக் குறிக்கப்பட்டிருக்கிறதா என்று உட்கார்ந்து பார்த்துவிட்டு வாருங்கள். ஏழு ஆண்டு கழித்து 7.5 சதவீதத்துக்கு விண்ணப்பிக்கும்போது ஆறு முதல் பன்னிரண்டு வரை படித்த ஒவ்வொரு பள்ளியின் விவரமும் கேட்பார்கள். நடுவில் பள்ளி மாறினால் அப்போதே அந்தப் பள்ளியில் படித்ததற்கான சான்றிதழை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். ஆசிரியர்களும் தலைமை ஆசிரியரும் மாறிப் போன பிறகு பழைய பள்ளியில் ஒரு கையெழுத்து வாங்க, கவுன்சிலிங் நடக்கிற அந்தப் பத்து நாட்களில் அலைவது பெரும்பாடு.